உறக்க வீட்டுக்குள் காப்பிப்பூ

பூமழை பெய்து ஒரு வாரம் கழிந்த காலையில் உறக்க வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: டாக்டர் வேதவல்லி, இந்த வீட்டை உண்டாக்கியவர். அமலோற்பவம், வீடு இருக்கும் தாவரவியல் தோட்டத்து வாசலில் டிக்கெட் கொடுப்பவர். அவர் மகள் ஜெசிந்தா, போன மாதம் பதினெட்டு முடிந்தவள். சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த நர்ஸ் ஒருவர்; பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. நான், இந்த வீட்டின் இரவுக் காவல். கதவுக்கு அந்தப் பக்கம் அமலோற்பவத்தின் கணவர் தேவசகாயம் இருந்தார். அவரோடு சில ஆயிரம் கிழங்குகளும், ஓட்டின் வாயை அடைத்துக்கொண்ட நத்தைகளும், களிமண்ணுக்குள் புதைந்த தேரைகளும் இருந்தன. அந்தப் பக்கத்தில் யாரும் விழித்திருக்கவில்லை.

கோடையின் முதல் நல்ல மழையை ஏற்காட்டில் பூமழை என்பார்கள். அது பெய்து எட்டு ஒன்பது நாளில் மலையிலுள்ள அத்தனை காப்பிச்செடியும் ஒரே காலையில் பூக்கும். யாரோ மலை முழுக்கப் பொரி இறைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். வாசம் சட்டைக்குள் புகுந்து, முடிக்குள் புகுந்து, சாப்பிடும் சோற்றுக்குள்ளும் புகும். இரண்டு நாள். மூன்றாம் நாள் பூவெல்லாம் பழுப்பாகி உதிரும். அன்று முன்னறைக் கண்ணாடி வழியே பார்த்தபோது ரோஜாப் பாத்திக்கு நடுவில் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. எதையும் மேயவில்லை. தேனீக்களின் இரைச்சலை ஒட்டுக்கேட்பதுபோல் காதை மட்டும் திருப்பித் திருப்பி வைத்தது. யாரும் விரட்டவில்லை. விரட்டினாலும் அது போகாது.

மழை நேரத்துக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு வீடு தேவைப்படவில்லை. கண்வலிக்கிழங்கு வெயில் காலம் முழுக்க மண்ணுக்குள் தூங்கும், ஆடியில் முளைத்துச் செங்காந்தளாகப் பூக்கும். பிறகு மழைக்குப் புத்தி கெட்டது. தையில் ஒருநாள் கொட்டும். கிழங்கு அதை நம்பி முளைவிடும். அப்புறம் மாதக்கணக்கில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, முளை கருகும். அதற்கு இன்னொரு முளை கிடையாது. மலையில் பாதிக் கிழங்குச் செடி இப்படி ஏமாந்து செத்த பிறகுதான் டாக்டர் வேதவல்லி வந்தார். தூங்கும் கிழங்கு தன்னைத் தூங்க வைத்துக்கொள்வதற்கு ஒரு ஆவியை விடுகிறது என்று கண்டுபிடித்தார். அந்த ஆவியைப் பெருக்கி ஒரு கட்டடத்துக்குள் அடைத்து, உண்மையான மழை வரும்வரை கிழங்குகளை எழாமல் வைத்தார்.

சுவர் இடுக்கில் புகுந்த தேரைகள் தூங்கின. நத்தைகள் தூங்கின. பிறகு ஒருநாள், உள்ளே பலகை அடிக்கப் போன தச்சர் ஒருவர் முகமூடி நழுவிச் சாய்ந்தார். எல்லோரும் அவர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டதாக நினைத்தார்கள். மூன்று நாள் கழித்து வெளியே வந்து, "டீ வந்துச்சா?" என்றார். அந்த மூன்று நாளில் அவர் தாடி வளரவே இல்லை.

எல்லாம் அந்தத் தாடியிலிருந்து தொடங்கியது. மாற்று உறுப்புக்குக் காத்திருந்தே செத்துப்போகிறவர்களை இங்கே படுக்க வைக்கலாம் என்றார் டாக்டர். சோதனைக்கு ஒரே ஒரு கட்டிலுக்கு அனுமதி கிடைத்தது.

உறக்க வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே பருவத்தைக் கொண்டுபோகக் கூடாது. நனைந்த குடை, மாம்பழம் தின்ற கை, தலையில் மல்லிகை, எதுவும் கூடாது. வாசமில்லாத சோப்புப் போட்டுக் குளித்து, உள்ளேயே துவைத்து உள்ளேயே காய்ந்த துணியை உடுத்திக்கொண்டுதான் போகவேண்டும். கிழங்கை ஈரம் எழுப்பும். மனிதனை அவனுக்குப் பழகிய வாசம் எழுப்பும். முதன்முதலில் கட்டிலில் படுத்தவர் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். கல்லீரலுக்குக் காத்திருந்தார். யாரோ கையில் பலாப்பிசினோடு உள்ளே போய்விட்டார்கள். தாசில்தார் எழுந்து உட்கார்ந்து, பலாச்சுளை கேட்டார். கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார். மறுபடி படுக்க வைத்தபோது தூக்கம் வரவில்லை. ஒருமுறை விழித்த உடம்பு அந்த ஆவிக்கு இரண்டாம் முறை மசிவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வாரமே போய்விட்டார்.

அவருக்கு அடுத்துப் படுத்தவர் தேவசகாயம். கிழங்குப் பகுதி மேஸ்திரி. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. லேசில் கிடைக்காத ரத்த வகை. மனைவிக்குச் சர்க்கரை, அதனால் அவர் கொடுக்க முடியாது. "லிஸ்ட்ல பேரு இருக்கு, சென்னையிலருந்து எப்ப வேணும்னாலும் போன் வரும்" என்று சொல்லித்தான் படுக்க வைத்தார்கள். போன் வராது என்பது அப்படிச் சொன்னவர்களுக்கே தெரியும். ரத்தம் பொருந்துகிற ஆள் ஒன்றே ஒன்று இருந்தது. அது நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வயது ஆகாமல் சட்டம் விடாது.

ஆகவே எல்லோரும் அது வளரும்வரை காத்திருந்தார்கள். தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். வாசலில் ஐஸ்கிரீம் விற்பவருக்குத் தெரியும், பங்குச் சாமியாருக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

"செருப்பு ஈரமா இருக்கு, கழட்டு" என்றார் அமலோற்பவம் மகளிடம். "சளி பிடிச்சா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுருவாங்க."

"கிட்னிக்குச் சளி பிடிக்காதும்மா."

"வாயி."

"அது ஒண்ணுதான் என்னோடது."

நர்ஸ் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது என்று தெரிந்ததும் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

டாக்டர் மேசைமேல் ஒரு கண்ணாடிக் கூடையை வைத்தார். உள்ளே காப்பிப்பூ, கிளையோடு ஒடித்தது. மூடி இறுக்கமாக இருந்தது. "கட்டில்கிட்ட கொண்டுபோய் மூடியைத் திற. அவ்வளவுதான் உன் வேலை. இருபது வருஷம் இந்த மலையில இருந்தவர். இந்த வாசத்துக்கு எழுந்துருவார். கண்ணைத் திறந்ததும் அப்பான்னு கூப்பிடு. விஷயத்தை நான் அப்புறமா சொல்லிக்கறேன்."

"அவருக்கு என்னை அடையாளம் தெரியுமா மேடம்?"

"முகம் அப்படியொண்ணும் மாறிடாது."

"எனக்கு மாறியிருக்கு."

டாக்டர் அமலோற்பவத்தைப் பார்த்தார். "நீங்களே போகலாமே. உங்களைப் பாத்தா உடனே தெரிஞ்சுக்குவார்."

"அவ போகட்டும் மேடம். எங்கிட்டன்னா வேண்டாம்னு சண்டை போடுவாரு. இவ முகத்தைப் பாத்துட்டா அவரால வேண்டாம்னு சொல்ல முடியாது."

அமலோற்பவம் இதை மகள் காதுபடத்தான் சொன்னார். ஒளித்துப் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

ஜெசிந்தா குளித்துவிட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் வந்தாள். ஏற்கனவே குளித்துத் துணி மாற்றியிருந்த நானும் அவளும் மூக்கில் காற்றுக்குழாயை மாட்டிக்கொண்டு முதல் கதவுக்குள் போனோம். முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. வெளிக்காற்றை உறிஞ்சி எடுக்கும்வரை அங்கே நிற்கவேண்டும். உட்கார இடம் கிடையாது. அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"அண்ணா, இந்த மூடியைத் திறக்கலைன்னா என்னாகும்?"

"தூங்குவார்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாங்கும்கறாங்க டாக்டர். தெரிஞ்சு சொல்றாங்களான்னு எனக்குத் தெரியாது."

"நான் திறக்கலைன்னு நீங்க அம்மாகிட்ட சொல்லுவீங்களா?"

"கேட்டா சொல்லுவேன். கேக்காததுக்கு நான் பதில் சொல்றதில்ல."

அவள் கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள். காற்றை இழுக்கும் மோட்டார் எங்கோ தூரத்தில் மாவு அரைப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"எட்டாவதுல என்னைக் கபடி டீம்ல எடுத்தாங்க. அம்மா ஸ்கூலுக்கே வந்துட்டாங்க. ஹெச்.எம். ரூம்ல நின்னு, இவ உடம்பு இவளோடது மட்டுமில்ல சார்னு சொன்னாங்க. பியூன் கேட்டுட்டான். மறுநாள்லருந்து எனக்குப் பட்டப்பேரு ரிசர்வ்டு."

"நல்ல பேரு."

"நல்லாத்தான் இருக்கு. பஸ்ல நான் ஏறினா, தள்ளி நில்லுங்கடா, ரிசர்வ்டு வருதுன்னுவானுங்க. சைக்கிள் கிடையாது. ஹாஸ்டல் கிடையாது. காய்ச்சல் வந்தா மாத்திரை கிடையாது, கிட்னிக்கு ஆகாதாம். கோயில்ல யாராச்சும் எதிர்ல வந்தா முதல்ல, உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பாங்க. என்னைக் கேக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"குடுக்க இஷ்டமில்லையா?"

"தெரியலண்ணா. இஷ்டமான்னு யாராச்சும் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். நேத்து ஒரு பேப்பர் குடுத்தாங்க, சொந்த விருப்பத்தோட தர்றேன்னு போட்டிருந்துச்சு. படிக்கறதுக்குள்ள அம்மா பேனா மூடியைக் கழட்டிக் கையில குடுத்துட்டாங்க."

பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாவது கதவைத் திறந்தேன்.

உறக்க வீட்டுக்குள் எப்போதும் ஒரே வெளிச்சம்தான். சாயங்காலம் யாராவது விளக்குப் போடலாம் என்று எழப்போகும் நேரத்து வெளிச்சம். அந்த யாரோ எழாமலேயே இருப்பார்கள். இரண்டு பக்கமும் தட்டுத் தட்டாகக் கண்வலிக்கிழங்கு. ஒவ்வொன்றும் கவட்டைபோல இரண்டு கால் நீட்டியிருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் ஆயிரம் பேர் மல்லாந்து படுத்திருப்பதுபோலத் தோன்றும். பழகிய பிறகும் தோன்றும். நத்தைகள் வெள்ளைப் பூச்சால் வாயை அடைத்துக்கொண்டு வரிசையாகச் சுவரில் ஒட்டியிருந்தன. களிமண் தொட்டிகளில் தேரைகள். ஒரு தொட்டியில் காதை வைத்தால், நம்முடைய ரத்தம் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். இங்கே வேலைக்கு வந்த புதிதில், வெளியே போனால் இன்னும் அதே நாளாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு வரும். அது உண்மையாக இல்லாமல் போவது ஒவ்வொரு காலையும் ஒரு சின்ன ஏமாற்றம்.

கட்டில் கடைசியில் இருந்தது. தேவசகாயத்துக்குத் தலையில் ஒரு நரை இல்லை. படுத்த அன்று எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். வெளியே உட்கார்ந்திருந்த மனைவி அவரைவிட மூன்று வயது இளையவர். இப்போது யார் பார்த்தாலும் அக்கா என்பார்கள்.

ஜெசிந்தா கட்டிலருகே நின்றாள். மூடியில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். நான் நத்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மூடி திறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் மூக்கில் குழாய் இருந்ததால் எங்களுக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. அது அவர் ஒருவருக்கு மட்டும் வீசியது.

முதலில் அவர் தொண்டை அசைந்தது. பிறகு வலதுகை விரல்கள் எதையோ கிள்ளிப் பார்ப்பதுபோல் குவிந்தன. அதன்பின் வெகுநேரம் ஒன்றுமில்லை. கண் திறந்தபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தார்.

"பூவை யாரு உள்ள கொண்டாந்தது?"

குரல் காய்ந்த சருகுபோல இருந்தாலும் அது மேஸ்திரியின் குரல்.

"எந்த செக்‌ஷன் நீ? புதுசா?"

அப்பா என்று கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஆமாங்க" என்றாள்.

"சேரும்போது யாரும் சொல்லலையா? வெளிய கொண்டு போ. கிழங்கு எழுந்துக்கும்."

"இதுக்குக் கிழங்கு எழுந்துக்காதுங்க. நீங்கதான் எழுந்துக்குவீங்க."

அவர் யோசித்தார். யோசனை மெதுவாக மேலே ஏறி வருவது முகத்தில் தெரிந்தது. "போன் வந்துருச்சா?"

"ம்."

"எந்த ஊருலருந்து?"

"இங்கதான். ஏற்காடு."

"ஆக்சிடென்ட்டா? பாவமே. அந்த வளைவுல சுவர் கட்டச் சொல்லி எத்தனை தடவை..."

"செத்துப் போகலைங்க. உசுரோட குடுக்கறாங்க."

"யாரு?"

"ஒரு பொண்ணு."

"காசுக்கா? காசுக்குன்னா வேண்டாம்மா, கேசாயிடும்."

"காசுக்கு இல்லீங்க."

"பின்ன எதுக்கு? எனக்கு யாரு அப்படிக் குடுப்பா?" அவர் எழ முயன்றார். நான் தோளைத் தாங்கித் தலையணையை நிமிர்த்தி வைத்தேன். "எம் பொண்ணு வெளிய இருக்காளா? கூட்டிட்டு வந்திருப்பா அவங்கம்மா. உள்ள விடாதீங்க, இந்தக் குழாயெல்லாம் பாத்தாப் பயந்துக்குவா. சின்னப்புள்ள." பிறகு என்னைப் பார்த்தார். "உங்களையும் தெரியலையே. நான் படுத்து எத்தனை மாசமாச்சு?"

கேட்டால் சொல்வேன் என்று சொல்லியிருந்தேன். "ஒன்பது வருஷம்" என்றேன்.

பெரிய கணக்கு இல்லை அது. ஒன்பதோடு ஒன்பதைக் கூட்டவேண்டும், அவ்வளவுதான். கூட்டி முடித்ததும் அவர் கண் அவள் பக்கம் திரும்பியது. அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஜெசி."

"ம்."

"தள்ளி நில்லு. பாக்கறேன்."

அவள் இரண்டடி பின்னால் போய் நின்றாள். சட்டைக்கு அளவெடுப்பவரிடம் நிற்பதுபோல் கையைத் தொங்கவிட்டு நின்றாள். அவர் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"எங்க அக்கா உசரம் நீ" என்றார். பிறகு, "யாரு ரோசனை இது?"

"எல்லாருதும்."

"உன்னைக் கேட்டாங்களா?"

"இல்ல."

அவர் மேலே பார்த்தபடி கிடந்தார். அவர் கோபப்படுவார், அழுவார், எனக்கு வேண்டவே வேண்டாம் என்று பெரிய மனது காட்டுவார் என்றெல்லாம் நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் படுத்து, அவள் முகம் நேராகத் தெரியும்படி செய்துகொண்டார்.

"சரி, நான் கேக்கறேன். குடுக்கறியா?"

கேலியில்லை, சோதனையில்லை. பதில் தெரியாத ஆள் கேட்கும் கேள்வி. அவருக்கு அது வேண்டும் என்பது குரலில் இருந்தது.  இந்த ஒரு கேள்விக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவளுக்கு அது வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டுகளில் கிழங்குகள் கால் நீட்டிக் கிடந்தன. எங்கோ ஒரு நத்தை சுவரிலிருந்து கழன்று, விழுந்த சத்தம்கூட இல்லாமல் விழுந்தது.

"இல்லப்பா" என்றாள்.

"சரி."

அவ்வளவுதான். முகம் சுண்டிப்போயிற்று, அதை அவர் மறைக்கவும் இல்லை. வாழ ஆசையுள்ள மனிதர்தான். ஆனால் கேட்டவன் பதிலை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

"கோவமாப்பா?"

"இருக்கு. கிட்னி மேல. டாக்டர் மேல. கொஞ்சம் உம்மேலயும்தான். அது போயிரும்."

"எனக்கு மனசு மாறலாம்."

"மாறினாச் சொல்லு. மாறலைன்னா எதுவும் சொல்ல வேண்டாம். நான் மறுபடி கேக்க மாட்டேன்." காலைக் கீழே தொங்கவிட்டார். "கையக் குடு. பசிக்குது."

கரடி குளிர்காலம் முழுக்கப் படுத்திருந்தாலும் எழுந்து நடக்கும், அதன் சதை கரையாது, இவருக்கும் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதிதான் உண்மை. ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொள்ள, பாதத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தார். நடுவில் கிழங்குத் தட்டு ஒன்றருகே நின்று, "யாரு அடுக்கினது இதை? முனை மேல முனை உரசுது" என்றார்.

முன்னறைக்கு வந்தபோது ஜன்னல் வழியே வெயில் தரையில் விழுந்திருந்தது. அவர் கண்ணைச் சுருக்கினார். அமலோற்பவம் எழுந்து நின்றார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன அமலா இப்படி ஆயிட்ட."

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க" என்றார் அமலோற்பவம். பிளாஸ்க்கைத் திறந்து கஞ்சி ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒன்பது வருடத்தில் மாதத்துக்கு ஒருமுறை, தூங்கும் கணவரின் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வரும் மிஷினுக்குக் கதவருகே உட்கார்ந்து காவல் இருந்த கை அது.

டாக்டர் முன்னால் வந்தார். "மிஸ்டர் தேவசகாயம், உங்களுக்கு ஒரு சந்தோஷமான விஷயம்..."

"தெரியும் மேடம். கேட்டேன். வேண்டாம்னுட்டா. வாரத்துக்கு மூணு நாள் சேலம் போய் மிஷின்ல உக்கார்றேன்."

"மிஷின்ல எவ்வளவு காலம் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஓடற வரைக்கும் ஓடும்."

"ஒன்பது வருஷம்" என்றார் டாக்டர். அவருக்கு உண்மையிலேயே வலித்தது. "இவ்வளவும் எதுக்கு? அந்தப் பொண்ணு பயத்துல ஏதோ சொல்லியிருக்கும். நான் பேசறேன்."

"பயத்துல சொல்லலை மேடம்" என்றாள் ஜெசிந்தா.

அமலோற்பவம் கஞ்சி டம்ளரைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு மகளிடம் திரும்பினார். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நர்ஸ் ஒதுங்கினார்.

"நீயா வேண்டாம்னு சொன்ன?"

"அப்பா கேட்டாரு. சொன்னேன்."

"கேட்டாரா?"

"ம். குடுக்கறியான்னு கேட்டாரு."

"கேட்டாரா" என்று இன்னொரு முறை சொன்னார். அதற்கப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தார். வாசலில் டிக்கெட் கொடுக்கும்போது வரிசை திடீரென்று தீர்ந்துவிட்டால் மனிதர்கள் உட்காருவார்களே, அப்படி. வெளியே தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. சீகாரப் பூங்குருவி ஒன்று, பாட்டை எங்கே விட்டோம் என்று நினைவில்லாத ஆள்போல், சீட்டியடித்து நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. 

"மேடம்" என்றார் அமலோற்பவம். "உள்ள கட்டில் காலியாத்தானே இருக்கு?"

"ஆமா. ஏன்?"

"நான் படுத்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு என்ன வியாதி?"

"தூக்கமில்ல."

"அதுக்கெல்லாம் இங்க..."

"ராத்திரியில ரெண்டு தடவை எழுந்து இவ மூச்சு விடறாளான்னு பாப்பேன் மேடம். தினமும். இவ கிட்டத்துல ஒரு நாய் வந்தா எனக்கு நெஞ்சடைக்கும். ஒண்ணுக்குப் போயிட்டு வந்தா என்ன நிறத்துல போனேன்னு கேப்பேன். பெத்த பொண்ணுகிட்டக் கேக்கற கேள்வியா அது? அதைக் கேட்டேன், இதைக் கேக்கலை." நிறுத்தி மூச்சு வாங்கினார். "இன்னியிலருந்து இவர் எவ்வளவு தண்ணி குடிக்கறாரு, வாழைப்பழம் தின்னாரா, மிஷினுக்கு பஸ் பிடிச்சாரான்னு பாக்கணும். பாக்கறேன். பாக்காம எங்க போறேன். ஆனா இப்ப இல்ல. ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கறேன்."

"அமலா" என்றார் தேவசகாயம். "நான் இப்பதான் எழுந்திருக்கேன்."

"அதான் சொல்றேன். உங்க முறை முடிஞ்சுது."

அவர் டம்ளரைப் பார்த்தார். கஞ்சியைக் குடித்தார்.  

டாக்டர் மறுப்பார் என்று நினைத்தேன். அனுமதி நோயாளிகளுக்குத்தான். ஆனால் கட்டில் காலியானால் அனுமதி ரத்தாகும் என்பதும் அதிலேயே இருந்தது. அடுத்த ஆள் தேடப் பல மாதம் ஆகும். டாக்டர் வேதவல்லி கெட்டவர் இல்லை. கணக்குத் தெரிந்தவர்.

"சர்க்கரை எவ்வளவு இருக்கு உங்களுக்கு?" என்றார்.

"இருக்கு. பிரஷரும் இருக்கு. எது வேணுமோ அதை எழுதிக்குங்க."

அமலோற்பவம் குளிக்கப் போனார். குளியலறைக்குள் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்தபோது முடி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. வெள்ளைத் துணியில் அவரைப் பார்க்க வயதே தெரியவில்லை. கவுன்ட்டர் சாவியை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். "சனி ஞாயிறு கூட்டம் வரும். ஸ்கூல் பசங்க வந்தா எண்ணி உள்ள விடு, ரெண்டு பேரை ஒளிச்சுக் கூட்டிட்டுப் போவானுங்க." பிளாஸ்க்கைக் கணவர் பக்கம் தள்ளினார். "உப்புப் போடலை. நீங்களும் போட்டுக்காதீங்க."

"அம்மா" என்றாள் ஜெசிந்தா. சாவியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "உன்னை எழுப்ப எதைக் கொண்டாரணும்? எந்த வாசம்?"

அமலோற்பவம் யோசித்தார். காப்பிப்பூவா, இல்லை. ஆரஞ்சா, இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக விலக்குவது தெரிந்தது. அவருக்கே தெரியவில்லை என்பதும் தெரிந்தது.

"கண்டுபிடிச்சு வையி" என்றார். "உனக்கு ஒரு வருஷம் இருக்கு."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"அப்புறம் என்ன, தூங்கறேன்."

மகள் சிரித்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேவசகாயம் எழுந்து நிற்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். தோட்டத்து பேட்டரி வண்டி வாசலில் வந்து நின்றது. அவரை அதில் ஏற்ற நர்ஸும் டாக்டரும் போனார்கள். ஜெசிந்தா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். படியில் இறங்கும்போது, பழக்கத்தில், ஈரத்தை மிதிக்காமல் ஒதுங்கினாள். பிறகு நின்று, வேண்டுமென்றே மிதித்தாள்.

நான் அமலோற்பவத்தை உள்ளே அழைத்துப் போனேன். நடு அறையில் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தபோது அவர் சுவரில் சாய்ந்தார். ஒரு கொட்டாவி விட்டார். உள்ளே போனதும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தார். இத்தனை வருடம் கதவருகேதான் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வந்ததில்லை.

"இவ்வளவு நிம்மதியாவா கெடந்தாரு" என்றார்.

கட்டிலில் படுத்தார். விரிப்பில் கணவர் படுத்த பள்ளம் இருந்தது. அவர் அதற்குள் சரியாகப் பொருந்தவில்லை. அதைவிட்டு ஓரமாக நகர்ந்து தனக்கொரு இடம் செய்துகொண்டார். தரையிலிருந்த பூக்கூடையை மூடி எடுத்துக்கொண்டேன்.

"குழாயை எப்ப எடுக்கறது?"

"நான் வெளிய போன அப்புறம்."

நான் கதவை எட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்தது ஏற நேரமானது. அதற்கடுத்தது இன்னும் நேரமானது.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினேன்.